பிளகின் எழுதுகிறவர்களுக்கு: கணக்கைவிட ஹோஸ்ட்தான் கடினம்

ஒலியைப் பாதியாகக் குறைக்க ஒரு பெருக்கல் போதும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் அதே பெருக்கல்தான். அதை ஒரு பிளகினாக்கி, அதாவது வேறொரு மென்பொருளுக்குள் ஏறி ஓடும் சின்னத் துணை நிரலாக்கி, ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளிலோ கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரிலோ யாரோ ஒருவர் நம்பித் தன் வேலையில் சேர்க்கும் அளவுக்குக் கொண்டுவருவதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. கட்டற்ற ஒலி, ஒளி பிளகின்களில் வரும் புகார்களைப் படித்துப் பார்த்தால் கணக்கு தப்பானவை குறைவாகவே இருக்கும். ஹோஸ்ட், அதாவது பிளகினை ஏற்றி ஓட்டும் மென்பொருள், எப்போது கூப்பிடும், எந்த த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் எதில்) கூப்பிடும், எத்தனை சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) தரும், எந்த அளவு ஃபிரேம் தரும் என்பதைத் தப்பாக ஊகித்ததால் வந்தவைதான் பெரும்பாலும். அந்த ஊகங்களைப் பற்றித்தான் இங்கே.

எந்த வடிவத்தில் எழுதுவது

ஒலிக்கு, லினக்ஸ் உலகில் 2000-இல் வந்த லாட்ஸ்பா இன்றும் ஓடுகிறது. ஒரே ஒரு சி ஹெடர் கோப்பு; ஒலி வந்துபோகும் ஒலி போர்ட், குமிழ் மதிப்புகள் வரும் கன்ட்ரோல் போர்ட், அவ்வளவுதான். இசைக்குறிப்புகளை அனுப்பும் மிடி கிடையாது, தனி ஜன்னல் கிடையாது. கேடென்லைவுக்கும் ஷாட்கட்டுக்கும் அடியில் இருக்கும் எம்எல்டி என்ஜின் லாட்ஸ்பாவை ஏற்றுக்கொள்கிறது என்பதால் வீடியோ எடிட்டருக்குள் ஒலி பிளகினைக் கொண்டுபோக இது இன்னும் உதவும். லாட்ஸ்பாவின் வாரிசு எல்வி2. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது. 2022-இல் எம்ஐடி உரிமத்தோடு வந்த கிளாப்பும் நல்ல வடிவம்தான். டிஸ்ட்ரோ (DISTRHO) என்ற திட்டத்தின் டிபிஎஃப் போன்ற ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொண்டால் ஒரே கோடிலிருந்து எல்வி2, விஎஸ்டி3, கிளாப் மூன்றும் வரும். ஆனாலும் முதல் பிளகினை ஃபிரேம்வொர்க் இல்லாமல் கையால் எழுதுங்கள். ஃபிரேம்வொர்க் எதை மறைக்கிறது என்று தெரியாதவருக்கு, அது உடைகிற நாளில் எங்கே தேடுவது என்றே தெரியாது.

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டருக்கு மட்டும் போதும் என்றால் நைக்விஸ்ட் மொழி இருக்கிறது. கம்பைல் தேவையில்லை, ஒரு டெக்ஸ்ட் கோப்பில் தலைப்பு வரிகளும் லிஸ்ப் பாணியில் சில வரிகளும் போதும். இதில் இரண்டு எல்லைகள் உண்டு. ஆடாசிட்டி 3.2-இல் ரியல்-டைம் எஃபெக்ட் வந்தபோதும் நைக்விஸ்ட் அதில் சேரவில்லை. தேர்ந்தெடுத்த பகுதியின் மேல் ஓடி முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். இரண்டாவது எல்லை நினைவகம். நைக்விஸ்ட் ஒலியைத் தேவைப்படும்போது மட்டும் துண்டுதுண்டாகக் கணக்கிடும். உச்ச அளவைக் கண்டுபிடித்துவிட்டு அதே ஒலியை அந்த அளவால் வகுக்கச் சொன்னால், முதல் சுற்றில் கணக்கிட்டது எல்லாம் இரண்டாம் சுற்று வரும்வரை நினைவகத்திலேயே தங்கிவிடும். 44,100 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேர மோனோ ஒலி ஏறக்குறைய 635 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் சோதித்தவருக்கு இது தெரியவே வராது. இரண்டு மணி நேரப் பேச்சைத் திறந்தவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

வீடியோவுக்கு எளிய வாசல் ஃப்ரையோர் (frei0r). இணையத்தில் தேடும்போது ஆங்கிலப் பெயரில் ஓ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் சரியானது கிடைக்காமல் போகலாம். எம்எல்டி, எஃப்எஃப்எம்பெக், ஜிஸ்ட்ரீமர் என்ற மூன்று வீடியோ என்ஜின்களும் இதை ஏற்கும் என்பதால் ஒருமுறை எழுதினால் பல எடிட்டர்களில் ஓடும். ஆனால் ஒரு நிறத்துக்கு 8 பிட் மட்டுமே. 10 பிட் வீடியோவில் 1,024 படிகளாக இருந்த வானத்தின் நீலம் இந்த வழியாகப் போனால் 256 படிகளாகச் சுருங்கி, பட்டைப் பட்டையாகத் தெரியும். கலர் கிரேடிங்குக்காக எழுதுகிறீர்கள் என்றால் ஓப்பன்எஃப்எக்ஸ் பக்கம் போங்கள். அதில் 32 பிட் ஃப்ளோட் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த எல்லையை ரீட்மீயின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

ரன் ஃபங்ஷனுக்குள் செய்யக் கூடாதவை

எல்வி2-வில் ஹோஸ்ட் முதலில் இன்ஸ்டான்ஷியேட், பிறகு கனெக்ட் போர்ட், ஆக்டிவேட், அதன்பின் ஒவ்வொரு பஃபருக்கும் (ஒலியின் ஒவ்வொரு துண்டுக்கும்) ரன், கடைசியில் டிஆக்டிவேட், க்ளீன்அப் என்று கூப்பிடும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது நடப்பது ரன் மட்டும்தான். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 64 சாம்பிள் என்றால் கையில் இருக்கும் நேரம் 1.33 மில்லிவிநாடி. அதுவும் நமக்கு மட்டும் இல்லை. அந்தப் பாட்டின் எல்லா ட்ராக்கும் எல்லா பிளகினும் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஒருமுறை தாண்டினாலும் ‘டிக்’ என்று காதில் விழும்.

அதனால்தான் ரன்னுக்குள் நினைவகத்தை ஒதுக்கும் மேலாக் கூடாது, அதை விடுவிக்கும் ஃப்ரீ கூடாது, த்ரெட்டுகளுக்கு இடையிலான பூட்டான மியூடெக்ஸ் கூடாது, கோப்பு திறக்கக் கூடாது, பிரின்ட்எஃப் கூடாது. மேலாக் சராசரியாக வேகமானதுதான், அளந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரத்தில் ஒரு தடவை வேறு த்ரெட் வைத்திருக்கும் பூட்டுக்காகவோ கெர்னலிடமிருந்து புதுப் பக்கம் வருவதற்காகவோ காத்து நிற்கும். அந்த ஒரு தடவைதான் சிக்கல். சி++ எழுதுகிறவர்கள் வெக்டரின் புஷ்-பேக், ஸ்ட்ரிங்கை ஒட்டுவது ஆகியவையும் உள்ளுக்குள் மேலாக்தான் என்பதை மறக்கக் கூடாது.

இதைச் சரியாகச் செய்தவர்களும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பத்து விநாடி ஸ்டீரியோ டிலேக்கு 3.84 எம்பி பஃபர் தேவை. அதை இன்ஸ்டான்ஷியேட்டிலேயே கேலாக் (பூஜ்யம் நிரப்பிய நினைவகம் தரும் ஃபங்ஷன்) வைத்து ஒதுக்கியாகிவிட்டது, நிம்மதி என்று தோன்றும். ஆனால் இந்த அளவு பெரிய ஒதுக்கீட்டில் கெர்னல் முகவரியை மட்டும் கொடுக்கிறது. உண்மையான பக்கங்கள் முதல் தடவை எழுதும்போதுதான் வரும். 4 கேபி பக்கமாகக் கணக்கிட்டால் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பேஜ் ஃபால்ட்கள், அத்தனையும் ரன்னுக்குள், பாட்டின் முதல் பத்து விநாடியில். “ஆரம்பத்தில் மட்டும் கிளிக் சத்தம் வருகிறது, பிறகு சரியாகிவிடுகிறது” என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஆக்டிவேட்டில் பஃபர் முழுவதும் பூஜ்யம் எழுதிவிட்டால் தீர்ந்தது. பழைய எதிரொலி மிச்சம் இல்லாமல் தொடங்குவது ஆக்டிவேட்டின் கடமைதான், ஆக இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். மேலாக்குக்கு அடுத்த வரியிலேயே பூஜ்யம் நிரப்பும் மெம்செட் எழுதினால் போதாது. கம்பைலர் இரண்டையும் சேர்த்து கேலாக் ஆக்கிவிடக்கூடும்.

அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவர்ப் பிளகினில் இம்பல்ஸ் கோப்பை (ஓர் அறையின் எதிரொலிப் பதிவை) படிக்க வேண்டும் என்றால் எல்வி2-வின் வொர்க்கர் வசதியைப் பயன்படுத்துங்கள். கோப்பை வொர்க்கர் த்ரெட் படிக்கும். ரன் புதிய பாயின்டரை மட்டும் மாற்றிக்கொள்ளும். பழையதை ஃப்ரீ செய்வதும் வொர்க்கரிடமே திரும்பிப் போக வேண்டும். படிப்பதை வெளியே அனுப்பிவிட்டு ஃப்ரீயை மட்டும் ரன்னில் விட்டுவைத்த கோடு நிறையவே இருக்கிறது.

பஃபரின் நீளத்தை நம்பாதீர்கள். இந்த முறை 1,024, அடுத்த முறை 37 என்று வரலாம். குமிழ் தானாக நகரும் ஆட்டோமேஷன் புள்ளியில் வெட்டி அனுப்பும் ஹோஸ்ட்கள் உண்டு. எல்வி2-வில் பூஜ்யம் சாம்பிளோடும் ரன் வரலாம். அப்போது கன்ட்ரோல் அவுட்புட்களை மட்டும் புதுப்பிக்க வேண்டும். நீளத்தால் வகுக்கும் வரி இருந்தால் அங்கேதான் விழும். கனெக்ட் போர்ட்டில் பாயின்டரைச் சேமித்துக்கொள்ளுங்கள், அதன் உள்ளே இருக்கும் மதிப்பை அங்கே படிக்காதீர்கள். ரன் வரும்போதுதான் அது செல்லும்.

இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே பஃபராக இருக்கலாம் என்பது அடுத்தது. எதிரொலியை அவுட்புட்டில் எழுதிவிட்டு, அப்புறம் இன்புட்டிலிருந்து மூல ஒலியைக் கூட்டினால், மூல ஒலி அதற்குள் அழிந்திருக்கும். இடது வலது இரண்டு சாம்பிளையும் முதலில் லோக்கல் வேரியபிளில் எடுத்துக்கொண்டு, கணக்கு முடித்து, பிறகு இரண்டையும் எழுதுங்கள். இடது அவுட்புட் வலது இன்புட்டின் பஃபராக இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆகவே ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. வேறு வழியே இல்லாவிட்டால் இன்-பிளேஸ்-புரோக்கன் என்று, பிளகினின் விவரங்களை எழுதும் டர்ட்டில் கோப்பில் அறிவிக்கலாம். ஆனால் அதை ஏற்காத ஹோஸ்ட் உங்கள் பிளகினையே ஏற்றாது.

காதுக்குத் தெரியும் மூன்று கோளாறுகள்

முதலாவது, குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு. கன்ட்ரோல் போர்ட்டின் மதிப்பு ஒரு பஃபருக்கு ஒருமுறைதான் மாறும். அதை அப்படியே பெருக்கினால் ஒலி படிப்படியாகத் தாவும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் இப்போதைய மதிப்பை இலக்கு மதிப்பை நோக்கிச் சிறிது நகர்த்த வேண்டும். 10 மில்லிவிநாடி காலமாறிலிக்கு 48,000 ஹெர்ட்ஸில் நகர்த்தும் பங்கு ஏறக்குறைய 0.00208, அதாவது ஒன்றிலிருந்து, மைனஸ் 480-இல் ஒரு பங்கின் எக்ஸ்போனன்ஷியலைக் கழித்தது. 30 மில்லிவிநாடியில் 95 சதவீதம் போய்ச் சேரும். இந்த எண்ணைக் கோடில் நேரடியாக எழுதிவைத்தால் 96,000 ஹெர்ட்ஸில் நகர்வு இரண்டு மடங்கு வேகமாகிவிடும்; இன்ஸ்டான்ஷியேட்டில் கிடைக்கும் சாம்பிள் ரேட்டிலிருந்து கணக்கிடுங்கள். டெசிபலை சாதாரணப் பெருக்கியாக மாற்றும் பவர் கணக்கை பஃபருக்கு ஒருமுறை செய்து, மாற்றிய மதிப்பை மென்மையாக்கினால் போதும்.

இரண்டாவது விசித்திரமானது: பாட்டு நின்று அமைதியான பிறகு சிபியு ஏறும். ஃப்ளோட் எண் 1.18 × 10⁻³⁸-க்குக் கீழே போனால் அது டீநார்மல். பல பிராசஸர்கள் அதைக் கையாளப் பலமடங்கு நேரம் எடுக்கும். ரிவர்ப் 60 டெசிபல் இறங்க 2 விநாடி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். டீநார்மல் எல்லை ஏறக்குறைய மைனஸ் 758 டெசிபல். அங்கே போய்ச்சேர 25 விநாடி ஆகும். ஆகவே ஐந்து விநாடி ஓட்டிப் பார்த்த சோதனையில் இது சிக்காது. ஒலியைக் கொடுத்து, அரை நிமிடம் அமைதியைக் கொடுத்து, ஒவ்வொரு ரன்னும் எடுக்கும் நேரத்தைப் பதிவு செய்து பாருங்கள். தீர்வு இரண்டு: ரன்னின் தொடக்கத்தில் பிராசஸரின் டீநார்மலைப் பூஜ்யமாக்கும் பிட்களை வைத்து, முடிவில் பழைய நிலைக்குத் திருப்புவது, அல்லது ஃபீட்பேக் வளையத்தில் மிகச் சிறிய ஒரு எண்ணைக் கூட்டுவது. முதலாவதில் திருப்புவதை மறந்தால் ஹோஸ்டின் மற்ற கணக்குகளும் மாறிவிடும்.

மூன்றாவது தாமதம். ஒலியின் உச்சத்தை அடக்க முன்கூட்டிப் பார்க்கும் லிமிட்டர் 5 மில்லிவிநாடி பார்க்கிறது என்றால் 48,000-இல் அது 240 சாம்பிள். அதை லேட்டன்சி போர்ட் வழியாக ஹோஸ்டுக்குச் சொல்ல வேண்டும், ஹோஸ்ட் மற்ற ட்ராக்குகளை அதற்கு ஏற்பத் தள்ளிவைக்கும். பலர் இதைச் சரியாகச் செய்துவிட்டு, பிளகினை அணைத்து ஒலியை நேராகக் கடத்தும் பைபாஸில் கோட்டை விடுகிறார்கள். பைபாஸ் செய்தவுடன் தாமதமே இல்லாமல் ஒலியைக் கடத்தினால், அந்த ட்ராக் மட்டும் 240 சாம்பிள் முன்னே ஓடும். அதே டிரம்மைப் பிடித்த இரண்டாவது மைக்கோடு சேரும்போது ஒலி குழாய்க்குள் கேட்பதுபோல ஆகிவிடும். பைபாஸிலும் அதே 240 சாம்பிள் தாமதம் இருக்க வேண்டும்.

டர்ட்டில் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்வி2 ஹோஸ்ட் பிளகினைப் பட்டியலிட லைப்ரரியை ஏற்றுவதே இல்லை, இந்த டெக்ஸ்ட் கோப்புகளை மட்டும் படிக்கும். நல்ல ஏற்பாடு இது. ஆனால் அங்கே போர்ட் எண் 2 கன்ட்ரோல் என்றும் சி கோடில் எண் 2 ஒலி என்றும் இருந்தால், கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஓடும்போது நேராக கிராஷ்தான். எல்வி2-வோடு வரும் எக்-ஆம்ப் மாதிரியை நகலெடுத்துத் தொடங்குவதே எல்லோரும் செய்வது. அதன் அடையாள முகவரியான யுஆர்ஐ-யை மாற்ற மறந்தால் ஒரே அடையாளத்தில் இரண்டு பிளகின்கள் ஆகிவிடும், உங்களுடையது தெரியாமலே போகலாம். எல்வி2-எல்எஸ் கட்டளையில் உங்கள் யுஆர்ஐ வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிழை தேடும் எல்வி2-லின்ட் ஓட்டுங்கள்.

படத்தின் பக்கம்

ஃப்ரையோரில் எழுத வேண்டியவை சுமார் பத்து ஃபங்ஷன்கள். பிளகினின் பெயரையும் வகையையும் பாராமீட்டர் எண்ணிக்கையையும் சொல்லும் தகவல் ஃபங்ஷன். அகலம், உயரத்தோடு வரும் கன்ஸ்ட்ரக்ட். பாராமீட்டரைப் பெறும் செட். நேரம், உள்ளே வரும் ஃபிரேம், வெளியே போகும் ஃபிரேம் மூன்றையும் வாங்கும் அப்டேட். அளவு மாறினால் ஹோஸ்ட் புதிதாகக் கன்ஸ்ட்ரக்ட் செய்யும். அகலமும் உயரமும் எட்டின் மடங்கு என்று ஸ்பெக் சொல்கிறது. 1920-ம் 1080-ம் அப்படித்தான். ஆனால் 854 அகலத்தில் 480 வீடியோக்கள் ஊரெல்லாம் உண்டு, 854 எட்டால் வகுபடாது. எட்டெட்டாக அள்ளும் வேகமான லூப் எழுதினால் மிச்சப் பிக்சல்களுக்கு ஒரு சாதாரண லூப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிக்சலை 32 பிட் எண்ணாக எடுத்து ஷிஃப்ட் செய்கிறவர்கள் சிவப்பும் நீலமும் இடம் மாறுவதைச் சீக்கிரமே பார்ப்பார்கள். நினைவகத்தில் வரிசை சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு). இன்டெல் இயந்திரத்தில் எண்ணாகப் பார்க்கும்போது சிவப்புதான் கடைசி பைட். பைட் பாயின்டராகவே படித்தால் குழப்பம் இல்லை. ஆல்ஃபாவை அவுட்புட்டுக்கு நகலெடுக்க மறக்காதீர்கள். மறந்தால், தனியாக இருக்கும் கிளிப்பில் கோளாறு கண்ணில் படாமல் போகலாம். மேலடுக்கில் டைட்டில் வைத்தவுடன் அது காணாமல் போகும், அல்லது கறுப்புப் பெட்டியோடு வரும்.

வேகத்துக்கு வருவோம். 1920 × 1080 ஃபிரேம் ஒன்று 8.3 எம்பி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிவிநாடி, அதிலும் டிகோட், நிறமாற்றம், மற்ற எஃபெக்ட்கள் எல்லாம் போக மிச்சம்தான் நமக்கு. காமா சரிசெய்யும் பிளகினில் ஒவ்வொரு பிக்சலின் மூன்று நிறத்துக்கும் பவர் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஃபிரேமுக்கு 62 லட்சம் அழைப்புகள். வருவதோ 8 பிட், மொத்தமே 256 மதிப்புகள். பாராமீட்டர் மாறும்போது 256 கட்டங்கள் கொண்ட அட்டவணையைப் போட்டுவைத்து, பிக்சலுக்கு அதை மட்டும் பாருங்கள். மதிப்பு நேரத்தோடு மாறக் குறித்துவைக்கும் கீஃபிரேம் இருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கு முன்பும் செட் வரலாம், அதே மதிப்போடும் வரலாம். மதிப்பு உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் அட்டவணையைப் புதுப்பியுங்கள்.

கலக்கும் கணக்குகளான பிளர், மறுஅளவு ஆகியவற்றில் நிற மதிப்பை நேரடியாகச் சராசரி எடுத்தால் வெளிச்சம் குறைகிறது. கறுப்பு 0-ஐயும் வெள்ளை 255-ஐயும் அப்படியே சராசரி எடுத்தால் 128. ஒளியளவாக மாற்றிச் சராசரி எடுத்து, திரும்ப வழக்கமான நிற மதிப்பான எஸ்ஆர்ஜிபி ஆக்கினால் 188. இரவுக் காட்சியில் தெருவிளக்கை பிளர் செய்து பாருங்கள், முதலாவதில் விளக்கு அழுக்காகத் தெரியும். இடையில் 16 பிட்டோ ஃப்ளோட்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஒளியளவை 8 பிட்டில் வைத்தால் நிழல் பகுதி மொத்தமும் நாசமாகும்.

ஃப்ரையோரின் எண் பாராமீட்டர் எல்லாம் 0 முதல் 1 வரைதான். பிளரின் ஆரம் எத்தனை பிக்சல் என்று நாம்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதைத் தப்பாக எடுத்தால் பின்னால் திருத்தவே முடியாது. 0.5 என்றால் 10 பிக்சல் என்று வைத்தால், பாதி அளவு பிரிவியூவில் ஒரு தோற்றமும் முழு அளவு ரெண்டரில் வேறு தோற்றமும் வரும். கேடென்லைவில் பிரிவியூ ரெசல்யூஷனைக் குறைத்து எடிட் செய்வது சாதாரணம். எடிட் வேகத்துக்காகச் சிறிதாக்கிய பிராக்சி கிளிப்பிலும் இதே கதை. ஆரத்தை உயரத்தின் பங்காக வையுங்கள். உயரத்தின் 1 சதவீதம் என்றால் 1080-க்கு 10.8, 540-க்கு 5.4, கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பயனருக்கு 0.37 என்று காட்டுவது அர்த்தமில்லாதது என்று தோன்றினால், கேடென்லைவுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு எழுதுங்கள். அதில் ஃபேக்டர் என்ற மதிப்பைக் கொடுத்தால் ஸ்லைடரில் 0 முதல் 100 என்று காட்டி, உள்ளே வகுத்து அனுப்பும்.

ஃபிரேம்கள் வரிசையாக வரும் என்று எண்ணி எழுதிய பிளகின் ப்ளே அழுத்தினால் அழகாக ஓடும், டைம்லைனில் கையால் தள்ளினால் உடையும். பயனர் பின்னோக்கிப் போவார், நடுவில் குதிப்பார். பல த்ரெட்டில் ரெண்டர் செய்தால் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒரே இன்ஸ்டன்ஸுக்கு வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஸ்டாடிக் வேரியபிளில் எண்ணிக்கொண்டே போய் ஃபிலிம் கிரெய்ன் (பழைய ஃபிலிமின் மணல்மணலான புள்ளிகள்) உருவாக்கினால், ஒரே புராஜெக்ட்டை இரண்டு தடவை ரெண்டர் செய்தால் இரண்டு விதமாக வரும். அப்டேட்டுக்கு வரும் நேரத்தை மில்லிவிநாடி முழு எண்ணாக்கி, அதையும் பிக்சலின் இடத்தையும் ஹேஷ் செய்து அதிலிருந்து கிரெய்னை எடுங்கள். அந்த நொடிக்கு எப்போது கேட்டாலும் அதே கிரெய்ன் கிடைக்கும். சோதிக்கவும் எளிது: எம்எல்டி-யின் மெல்ட் கட்டளையில் ரியல்-டைம் மதிப்பை ஒருமுறை மைனஸ் 1, மறுமுறை மைனஸ் 4 என்று வைத்து இழப்பில்லாத எஃப்எஃப்வி1-இல் ரெண்டர் செய்து, ஃபிரேமுக்கு ஒரு சரிபார்ப்பு எண் தரும் எஃப்எஃப்எம்பெக்கின் ஃபிரேம்-எம்டி5 பட்டியல்கள் இரண்டையும் ஒப்பிடுங்கள். மைனஸ் குறி ஃபிரேமை விடாமல் கணக்கிடச் சொல்வது, எண் த்ரெட்டுகளின் எண்ணிக்கை. ஒரு வரி வேறுபட்டாலும் பிளகினுக்குள் எங்கோ சேமித்த நிலை ஒளிந்திருக்கிறது.

எழுத்துகளை வரையும் பிளகின் எழுதினால் தமிழைக் கொண்டு சோதியுங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது. எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப் லைப்ரரியில் ஒவ்வொரு யூனிகோட் குறியையும் தனித்தனியாக வரைந்தால் ஆங்கிலம் சரியாகவே வரும். ‘கொடி’ என்று கொடுத்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். கெய்ரோ என்ற வரைதல் லைப்ரரியின் எளிய டெக்ஸ்ட் வசதியும் அப்படித்தான், சின்ன டெமோக்களுக்கும் எளிய புரோகிராம்களுக்கும்தான் அது என்று அதன் ஆவணமே சொல்கிறது. எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் ஹார்ஃபஸ் (HarfBuzz) வழியாக வடிவமைத்து வரையுங்கள், அல்லது அந்த வேலையையும் வரி உடைப்பையும் சேர்த்துச் செய்யும் பாங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எஃப்எம்பெக்கின் டிராடெக்ஸ்ட் ஃபில்டருக்கே 6.1 பதிப்பில்தான் ஹார்ஃபஸ் வந்தது. கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ, டூ ஆகிய ஐந்தும் சரியாக வந்தால் பெரும்பாலான தமிழ் டைட்டில்கள் தப்பிக்கும்.

கம்பைல் செய்து வெளியே அனுப்பும்போது

பிளகின் இன்னொரு புரோகிராமின் உள்ளே ஓடுகிறது. அதன் நினைவகம், அதன் லோகேல் (மொழியும் எண் எழுதும் முறையும்), அதன் கணக்கு முறைகள் எல்லாம் பொது. விசிபிலிட்டி ஹிட்டன் என்ற கம்பைலர் விருப்பத்தை வைத்து, ஹோஸ்டுக்குத் தேவையான ஃபங்ஷன்களை மட்டும் வெளியே தெரியவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பிளகின்களில் ‘கிளாம்ப்’ என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்து, ஒன்று மற்றதைக் கூப்பிடும். என்எம் கட்டளையின் டைனமிக் பட்டியலில், எல்வி2 பிளகினே வரையறுத்த பெயர்கள் நான்கைந்துக்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். ஜன்னல் வரையும் க்யூடி, ஜிடிகே போன்றவற்றை ஒலி கணக்கிடும் லைப்ரரியோடு இணைக்கவே வேண்டாம். ஹோஸ்ட் வேறு பதிப்பு வைத்திருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் மோதும்.

செட்லோகேலைப் பிளகின் கூப்பிடக் கூடாது. அதோடு, லோகேல் என்னவாக இருக்கும் என்றும் நம்பக் கூடாது. ஜெர்மன் அமைப்பில் தசமத்துக்கு கமா. அங்கே எழுத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டிஓடி-க்கு 0.5 கொடுத்தால் பூஜ்யம் திரும்பி வரும். கேடென்லைவ் 20.08 பதிப்பு தசமக் குறிச் சிக்கலைத் தீர்ப்பதற்காகப் புராஜெக்ட் கோப்பின் வடிவத்தையே மாற்ற வேண்டி வந்தது. சி++17-இன் ஃப்ரம்-கார்ஸ் லோகேலைப் பார்க்காது, பிரீசெட் கோப்பைப் படிக்க அதைப் பயன்படுத்துங்கள்.

கணக்கை வேகமாக்கும் ஃபாஸ்ட்-மேத் விருப்பத்தை ஆசையாகப் போடுகிறவர்கள் அறிய வேண்டியது: ஜிசிசி கம்பைலரின் 13-ஆம் பதிப்புக்கு முன்பு, அந்த விருப்பத்தோடு இணைத்த ஷேர்டு லைப்ரரியை ஏற்றினாலே, டீநார்மலைப் பூஜ்யமாக்கும் பிட் ஏற்றிய த்ரெட்டில் மாறிவிடும், நாம் ஒரு வரிகூட எழுதாமல் ஹோஸ்டின் கணக்கு மாறும். தவிர, ‘நேன்’ (NaN) என்ற எண்ணல்லாத மதிப்பு வருகிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் கம்பைலர் நீக்கிவிடலாம். கட்டும் கணினியின் பிராசஸருக்கென்றே கோடை உருவாக்கும் எம்-ஆர்க் நேட்டிவ் விருப்பம் உங்கள் கணினிக்கு மட்டும். அதை வெளியீட்டில் விட்டால் பழைய பிராசஸரில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று ஹோஸ்டே சாகும்.

பைனரி கொடுப்பதானால் பழைய லினக்ஸ் பதிப்பு உள்ள கன்டெய்னருக்குள் கட்டுங்கள். டெபியன் 12-இல் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.36, டெபியன் 11-இல் 2.31. புதியதில் கட்டியது பழையதில் ஏறாமல் போகலாம், பழையதில் கட்டியது புதியதில் ஏறும். மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் ஃப்ளாட்பேக்கில் ஓடும் எடிட்டருக்கு யுஎஸ்ஆர்-லிப்பில் வைத்த பிளகின் கண்ணுக்கே தெரியாது. ஒலி பிளகின்களுக்கு ஃப்ளாட்பேக்கில் லினக்ஸ்ஆடியோ என்ற எக்ஸ்டென்ஷன் வழி இருக்கிறது, அதில் போட வேண்டும். “இன்ஸ்டால் செய்தேன், பட்டியலில் வரவில்லை” என்ற புகாருக்குப் பதில் எழுதும் முன் எடிட்டரை எப்படி நிறுவினார்கள் என்று கேளுங்கள்.

உரிமத்தில் ஒன்று மட்டும். எல்வி2-வின் ஹெடர் தாராளமான ஐஎஸ்சி உரிமத்தில் இருக்கிறது, ஃப்ரையோர் திட்டம் ஜிபிஎல். கோடைவிட அதிகம் மறக்கப்படுவது உள்ளே வைக்கும் இம்பல்ஸ் கோப்புகள், எழுத்துருக்கள், மாதிரி ஒலிகள். அவற்றின் உரிமம் தெளிவாக இல்லாவிட்டால் டெபியன் போன்ற தொகுப்புகளில் உங்கள் பிளகினைச் சேர்க்க மாட்டார்கள்.

பழைய புராஜெக்ட் திறக்க வேண்டும்

முதல் வெளியீட்டுக்குப் பிறகு சுதந்திரம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. யாரோ ஒருவர் மூன்று வருடம் முன்பு கலந்த பாட்டை நாளைக்குத் திறப்பார். அது அதேபோல ஒலிக்க வேண்டும். எல்வி2-வில் பிளகினின் யுஆர்ஐ-யும் போர்ட்டின் உள்பெயரான சிம்பலும் மாறவே கூடாது. காட்டும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தமிழிலும் கொடுக்கலாம். ஃப்ரையோரில் எம்எல்டி பாராமீட்டரை அதன் வரிசை எண்ணாலேயே சேமிக்கக்கூடும். புதியதைக் கடைசியில் மட்டும் சேருங்கள், நடுவில் நுழைத்தால் பழைய புராஜெக்ட்டில் ‘அளவு’ என்று சேமித்தது ‘நிறம்’ ஆகிவிடும். தொடக்க மதிப்பை மாற்றுவதும் ஆபத்துதான். மாற்றிய மதிப்புகளை மட்டும் சேமிக்கும் ஹோஸ்ட்களில் பழைய வேலைகள் எல்லாம் சத்தமில்லாமல் தோற்றம் மாறும். கணக்கையே திருத்த வேண்டியிருந்தால் புதிய யுஆர்ஐ-யோடு இரண்டாவது பிளகினாக வெளியிட்டு, பழையதைப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளுங்கள். பிழை என்று நீங்கள் கருதியதை வைத்தே ஒருவர் தன் ஒலியைச் செதுக்கியிருப்பார், அவருடைய வேலைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

இதைக் காவல்காக்க ஒரு சின்ன ஹோஸ்ட்டை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இருநூறு வரி போதும். ஒரே ஒலியை 64 சாம்பிளாகவும், 1,024 சாம்பிளாகவும், கண்டபடி நீளங்களாகவும், நடுநடுவே பூஜ்யமாகவும் வெட்டிக் கொடுத்து ஓட்டுங்கள். பாராமீட்டரைத் தொடாத நிலையில் எல்லா அவுட்புட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். அதே ஹோஸ்ட்டை, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்டிலும் அட்ரஸ் சானிடைசரிலும் ஓட்டலாம்; முழு எடிட்டரை அப்படி ஓட்டினால் மற்றவர்களின் பிழைகளில் உங்களுடையது புதைந்துவிடும். ஒவ்வொரு வெளியீட்டின் அவுட்புட்டையும் சேமித்துவைத்து அடுத்த வெளியீட்டோடு ஒப்பிடுங்கள்.

புகார் படிவத்தில் கேட்க வேண்டியவை: சாம்பிள் ரேட், பஃபர் அளவு, ஹோஸ்ட்டின் பெயரும் பதிப்பும், டிஸ்ட்ரோ பேக்கேஜா ஃப்ளாட்பேக்கா ஆப்இமேஜா, பிளகின் ஒன்று மட்டும் இருக்கும் ஒரு சின்னப் புராஜெக்ட் கோப்பு. வீடியோவானால் ஃபிரேம் அளவு, பிரிவியூ ரெசல்யூஷன், ரெண்டர் த்ரெட்டுகளின் எண்ணிக்கை. கிராஷ் என்றால் ஜிடிபி டீபக்கரில் எடுத்த எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்). ஒரு த்ரெட்டின் பேக்ட்ரேஸ் மட்டும் வந்தால், விழுந்த இடம்தான் தெரியும், தள்ளிவிட்டது தெரியாது.